என் பெயரிலேயே திரும்பி வந்த பொய்



சற்று நீளமான பதிவு. இதில் கொஞ்சம் வரலாறு இருக்கிறது, நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் பகிர மட்டும் வேண்டாம்.

போன வாரம் எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மெக்காலே படம். அதன் கீழே, 1835-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரை என்று ஒரு பத்தி. உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் நீள அகலம் முழுக்கச் சுற்றி வந்தேன், ஒரு பிச்சைக்காரனையும் பார்க்கவில்லை, ஒரு திருடனையும் பார்க்கவில்லை, இவ்வளவு உயர்ந்த மக்களை நம்மால் வெல்லவே முடியாது, இவர்களுடைய பழைய கல்வி முறையையும் பண்பாட்டையும் முறித்தால்தான் முடியும் என்று மெக்காலே சொன்னதாக அந்தப் பத்தி போகும்.

இருபது வருடமாகச் சுற்றுகிற சரக்கு. அதைப் பார்த்து நான் திடுக்கிடவில்லை. அதற்குக் கீழே இருந்த வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "இது எங்க ஹிஸ்டரி டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது" என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள்.

அதில் பொய் இல்லை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

2006-ஆம் ஆண்டு. பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி எனக்கு ஒரு மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்திருந்தான். வாரத்தில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பார்ப்பேன். மெயில் என்றால் பெரும்பாலும் அவன் அனுப்பும் ஃபார்வர்டுகள்தான். தலைப்பில் வரிசையாக நாலைந்து "ஃபார்வர்டு" இருக்கும். உள்ளே திறந்தால் யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பிய முகவரிகள் ஒரு பக்கத்துக்கு ஓடும். எல்லாவற்றையும் தாண்டி அடியில்தான் விஷயம் இருக்கும். அப்படி வந்ததுதான் மெக்காலே உரை. பழைய அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்தது போலவே இருந்தது.

படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு பிரிண்ட் எடுத்தேன். தமிழில் மொழிபெயர்த்து, அந்த வருடம் சுதந்திர தினக் கொடியேற்று விழாவில் மைக்கில் வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார். பிரிண்டை லேமினேஷன் செய்து பதினொன்றாம் வகுப்புச் சுவரில் மாட்டினேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் அது சுவரில் இருந்தது. 2008-ல் ஒரு நாள் அதே வகுப்பறையில் ஆங்கிலக் கல்வி வந்த கதையை நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வருடங்களை எழுதிப் போட்டேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை.

"டீச்சர், மெக்காலே 1834-லேயே இங்க வந்துட்டாருன்னு இப்பதான் எழுதினீங்க. 38-லதான் ஊருக்குத் திரும்பினாருன்னும் எழுதியிருக்கீங்க. அப்ப 35-ல லண்டன்ல எப்படி டீச்சர் பேசியிருப்பாரு?"

சுவரைக் காட்டித்தான் கேட்டாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுதி அனுப்பியிருப்பாரு. உட்காரு. பாடத்தைக் கவனி."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். அப்புறம் பிரௌசிங் சென்டரிலும் உட்கார்ந்து தேடினேன். தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே இந்தியாவுக்கு எதற்கு வந்தார்? 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கவர்னர் ஜெனரலின் குழுவில் சட்ட உறுப்பினர் என்று ஒரு புதிய பதவியை உண்டாக்கியது. அதில் முதலில் அமர்ந்தவர் இவர். அதற்காகத் தன் நாடாளுமன்றப் பதவியை விட்டுவிட்டு, தங்கை ஹன்னாவுடன் 'ஏஷியா' என்ற கப்பலில் புறப்பட்டார். 1834 ஜூன் 10 அன்று வந்து இறங்கியது வேறெங்கும் இல்லை, நம் சென்னைக் கடற்கரையில்தான். அப்போது கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு உடல்நலத்துக்காக ஊட்டியில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க மெக்காலே பல்லக்கில் கிளம்பினார். ஆற்காடு, பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக நீலகிரி ஏறினார். மழைக்காலத்தை ஊட்டியில் கழித்துவிட்டு, செப்டம்பர் கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கேதான் வேலை. 1838-ல்தான் இங்கிலாந்து திரும்பினார்.

ஆக 1835 பிப்ரவரி 2 அன்று அவர் இருந்தது கல்கத்தாவில். அந்தத் தேதிக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பதும் உண்மை. மெக்காலேயின் புகழ்பெற்ற கல்விக் குறிப்பில் இருக்கிற தேதி அதுதான். அது அரசு அலுவலகத்துக்குள் எழுதப்பட்ட குறிப்பு. எந்த மேடையிலும் பேசியது அல்ல.

சரி, அவர் அங்கே இல்லை. லண்டனில் அன்று நாடாளுமன்றமாவது கூடியிருந்ததா? 1834 டிசம்பர் 29 அன்று சபையைக் கலைத்துவிட்டார்கள். 1835 ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் பொதுத்தேர்தல் நடந்தது. புதிய சபை கூடியது பிப்ரவரி 19 அன்று. பிப்ரவரி 2 அன்று பேசுவதற்குச் சபையே கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். அதற்கு மூன்றரை மாதம் முன்பு, 1834 அக்டோபர் 16 அன்று, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை என்கிற அந்த நாடாளுமன்றக் கட்டடமே தீப்பிடித்து எரிந்துபோயிற்று. மிஞ்சிய பகுதிகளுக்குக் கூரை போட்டுத் தற்காலிகமாகத்தான் புதிய சபையைக் கூட்டினார்கள். இன்று நாம் படங்களில் பார்க்கிற, மணிக்கூண்டு வைத்த கட்டடம் அதற்குப் பிறகு எழும்பியது.

பேசியவர் ஊரில் இல்லை. கேட்பதற்குச் சபை இல்லை. பழைய கட்டடமும் இல்லை. ஆனால் உரை மட்டும் இருக்கிறது!

உரையின் உள்ளே இருப்பதையும் பாருங்கள். இந்தியாவின் நீள அகலம் சுற்றினாராம். வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பார்த்தது சென்னையிலிருந்து ஊட்டி போகிற வழியும், பிறகு கல்கத்தாவும்தான்.

பிச்சைக்காரனையே பார்க்கவில்லையாம். அவர் வந்து இறங்குவதற்கு முந்தைய வருடம்தான் சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதி பஞ்சத்தில் சூறையாடப்பட்டிருந்தது. அங்கிருந்த சுமார் 5 லட்சம் பேரில் 2 லட்சம் பேர் வரை மாண்டதாகக் கணக்கு. பசியில் ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் சாலை ஓரங்களில் விழுந்து செத்த காலம் அது. பிச்சை எடுப்பவரே இல்லாத பொன்னுலகம் என்று அந்த நாட்டைச் சொல்வது நமக்குப் பெருமையா? செத்துப்போன அத்தனை பேரையும் இன்னொரு முறை அழிப்பது போல இருக்கிறது எனக்கு.

திருடனே இல்லையாம். அதே பெண்டிங் பிரபுவின் ஆட்சியில்தான் தக்கர்கள் எனப்பட்ட வழிப்பறிக் கூட்டங்களை ஒடுக்க ஸ்லீமன் என்ற அதிகாரியின் கீழ் தனி ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதைவிட வேடிக்கை, திருட்டு என்றால் என்ன, வழிப்பறி என்றால் என்ன, ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து செய்யும் கூட்டுக்கொள்ளை என்றால் என்ன என்றெல்லாம் நமக்குச் சட்ட விளக்கம் எழுதியதே இந்த மெக்காலேதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவு 1837-ல் அவர் தலைமையில் தயாரானது. அவர் 1859-ல் இறந்த பிறகு, 1860-ல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூன் 30 வரை இந்த நாட்டில் திருடனைப் பிடித்தது அந்தச் சட்டத்தை வைத்துத்தான். திருடனே இல்லாத நாட்டுக்கு எதற்கு இத்தனை பிரிவுகள்?

வெல்லவே முடியாது என்றாராம். 1799-ல் திப்பு வீழ்ந்தார். அந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தை மெக்காலே போகிற வழியில் இறங்கிப் பார்த்தார். அதே 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் மருது சகோதரர்கள். அதே ஆண்டு கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனியிடம் போனது. 1818-ல் மராட்டியரும் முடிந்தார்கள். 1835-ல் பாக்கி இருந்த பெரிய பகுதிகள் சிந்துவும் பஞ்சாபும்தான். நாட்டை ஏறக்குறைய பிடித்து முடித்தவர்கள், எப்படிப் பிடிப்பது என்று யோசனை கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?

இந்தச் செய்தி அவரை "லார்டு மெக்காலே" என்று அழைக்கிறது. அவர் பிரபுவானது 1857-ல்.

இப்போது அவர் உண்மையில் எழுதியது என்ன என்பதற்கு வருகிறேன். 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கல்விக்காக வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. அந்தப் பணத்தைச் சமஸ்கிருதம், அரபு படிப்புக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதா என்று கல்கத்தாவில் அதிகாரிகளிடையே பெரிய சண்டை. மெக்காலே ஆங்கிலத்தின் பக்கம் நின்று எழுதியதே அந்தக் குறிப்பு. தனக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, அரபும் தெரியாது என்று அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டுக்கு இந்தியாவும் அரேபியாவும் எழுதிய அத்தனையும் சேர்ந்தால்கூட ஈடாகாது என்கிறார். இரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராகவும், ரசனையிலும் கருத்திலும் ஆங்கிலேயராகவும் இருக்கும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 1835 மார்ச் 7 அன்று பெண்டிங் பிரபு அதை ஏற்று ஆணையிட்டார்.

மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியச் செல்வமும் இல்லை, அறிவியலும் இல்லை என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொள்கிறது என்றும் அதில் எழுதினார். அவர் கப்பலை விட்டு இறங்கிய சென்னையில் 1812-லேயே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியிருந்தது. கம்பெனியின் இளம் அதிகாரிகள் அங்கே தமிழும் தெலுங்கும் படித்தார்கள். அதை நிறுவுவதில் முன்னின்ற எல்லிஸ் திருக்குறளை மொழிபெயர்த்து உரை எழுதியவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று 1816-லேயே அச்சில் காட்டியவர். மெக்காலே அந்த ஊரில்தான் கால் வைத்தார். ஆனால் அந்த உலகத்தை எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். உண்மையான மெக்காலே நம்மை இகழ்ந்தவர். ஃபார்வர்டில் வரும் மெக்காலே நம்மைப் புகழ்கிறார். அவர்மேல் கோபப்படுவதாக நினைத்துக்கொண்டு, அவர் செய்த உண்மையான அவமானத்தை மறைத்து, அவர் வாயில் நாமே நற்சாட்சிப் பத்திரத்தைத் திணிக்கிறோம்!

இதெல்லாம் தெரிந்த பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன். வரலாறு படித்தவள், அதை நடத்துகிறவள், நான் எப்படி ஏமாந்தேன்? மெக்காலே 1834-ல் வந்ததும் எனக்குத் தெரியும், கல்கத்தாவில் இருந்ததும் தெரியும். வருடா வருடம் என் கையாலேயே கரும்பலகையில் எழுதினேன். எழுதியது ஒரு சுவரில், பொய் பக்கத்துச் சுவரில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

காரணம் இரண்டு என்று நினைக்கிறேன். முதலாவது, தேதி சரியாக இருந்தது. 1835 பிப்ரவரி 2 என்றதும் 'ஆமாம், நமக்குத் தெரிந்த தேதிதான்' என்று மனம் தலையாட்டிவிட்டது. முழுப்பொய்யை நாம் எளிதில் பிடித்துவிடுவோம். ஓர் உண்மையை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் ஒளிந்து வரும் பொய்தான் படித்தவர்களைக்கூட ஏமாற்றும். இரண்டாவது காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. எதிரி வாயாலேயே நம் பெருமையைக் கேட்பதில் இருக்கிற சுகம் இருக்கிறதே, அது கேள்வி கேட்க விடாது. நம் ஊரைத் திட்டி ஒரு மெயில் வந்திருந்தால் அன்றே பத்துப் புத்தகம் புரட்டியிருப்பேன்.

நம் பழைய கல்வி பற்றி உண்மையாகவே சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றால், நிறைய இருக்கிறது. 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, என்ன பாடம் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. திண்ணைப் பள்ளிகள்தான் பெரும்பாலும். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில், வெள்ளைக்காரன் சூத்திரர் என்று வகைப்படுத்திய சாதிப் பிள்ளைகளே அதிகம். தரம்பால் அந்த ஆவணங்களைத் தேடி எடுத்து 1983-ல் நூலாக வெளியிட்டார். எவரும் மறுக்க முடியாத, வெள்ளைக்காரன் கைப்படவே எழுதிய சான்று இது. கல்வியே இல்லாத நாட்டுக்கு நாங்கள்தான் கல்வி கொண்டு வந்தோம் என்பவருக்குப் பதில் சொல்ல இது போதாதா?

அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் 4,540. அதைப் படித்தபோது நூலகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் அந்த 4,540-ல் இருந்திருப்பேனா? என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண் இருந்திருப்பாளா? உண்மை நமக்குப் பெருமையையும் தரும், கேட்க வேண்டிய கேள்வியையும் தரும். அந்தப் போலி உரை எனக்குக் கை தட்டலை மட்டும்தான் வாங்கிக் கொடுத்தது.

"நல்ல கருத்துதானே டீச்சர், யார் சொன்னா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. என் சொந்தத் தம்பியே கேட்டான். யார் சொன்னது என்பதில்தான் வரலாறே இருக்கிறது. பொய்யான சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தால், உண்மையான வழக்கும் தள்ளுபடியாகும். மெக்காலே உரை போலி என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வரும் நாளில், மன்றோவின் கணக்கையும் அவன் நம்ப மாட்டான். 'டீச்சர் சொன்னதெல்லாம் இப்படித்தான் போல' என்று கையை உதறிவிடுவான்.

இந்தப் பழக்கம் புத்தகத்தோடு நிற்பதும் இல்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டார்கள். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதுதான் சந்தேகத்துக்குக் காரணம். அந்த வருடம் நாட்டில் பல இடங்களில் இப்படி உயிர்கள் போன பிறகுதான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மெக்காலே உரையை அனுப்பியவர்கள் யாரையும் கொல்லவில்லை, நான் அறிவேன். ஆனால் படித்ததும் கேள்வி கேட்காமல் விரலை அழுத்தும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான். பெருமைச் செய்தியில் பழகிய விரல்தான் பயச் செய்தியிலும் அழுத்துகிறது.

எண்பதுகளில் பதினைந்து காசு போஸ்ட் கார்டில் சங்கிலிக் கடிதம் வரும். இதை 21 பேருக்கு எழுதி அனுப்பினால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சாமி பெயரில் மிரட்டும். அப்போது என் அம்மா, "21 கார்டு வாங்கற காசுக்கு ரெண்டு நாள் காய்கறி ஆகும்" என்று அடுப்பில் போட்டுவிடுவார். அனுப்புவதற்குக் காசும் கைவலியும் ஆகும் என்பதே ஒரு வடிகட்டியாக இருந்தது. மெயில் வந்ததும் காசு போயிற்று, செல்போன் வந்ததும் கைவலியும் போயிற்று. இனி வடிகட்டி நாமாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வகுப்பில் சான்றுகளைப் பற்றி நடத்தும்போது மூன்று கேள்வி சொல்வேன். சொன்னவர் அன்று எங்கே இருந்தார்? அவர் உண்மையில் எழுதியது, பேசியது எங்காவது முழுதாகக் கிடைக்கிறதா? அந்தக் காலத்து மனிதர் பேசுகிற பேச்சா இது? மெக்காலே ஃபார்வர்டு மூன்றிலும் தோற்றுவிடும். ஓய்வுபெற்ற பிறகு நானே நான்காவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். 'இது பொய்யாக இருந்தால் எனக்கு வருத்தமாக இருக்குமா?' ஆமாம் என்று மனம் சொன்னால், இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக அதே தம்பி பிறகு ஒரு மெயில் அனுப்பினான். அதுவும் பொய்தான். அந்தக் கேள்வி இருந்ததால் அது என்னைத் தாண்டிப் போகவில்லை.

ஆனால் இத்தனை பேசுகிற நான் 2008-ல் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவும் பாதிப் பொய்யாகிவிடும். உண்மை தெரிந்த பிறகு, காலாண்டு விடுமுறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த லேமினேஷன் அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டேன். அவ்வளவுதான். வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைக்கில் சொன்னதை மைக்கில் திருத்தவில்லை. பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ கேட்டது சரி என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள்.

பொய்யைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அது ஏற்கெனவே நாற்பது நோட்டுகளில் இருந்தது.

போன வாரம் குழுவில் அதைப் போட்டவனுக்கு உடனே போன் செய்தேன். 2006-ல் பத்தாம் வகுப்பு படித்தவன், கொடியேற்று விழாவில் முன்வரிசையில் நின்றவன். இப்போது அவனும் ஓர் ஆசிரியர். எல்லோர் முன்னாலும் குழுவில் மறுத்து எழுதியிருந்தால் அவனுக்குத் தலைக்குனிவு. தவறு அவனுடையதும் இல்லை. அதனால் முதலில் தனியாகப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கேட்டான்: "டீச்சர், நான் எட்டு வருஷமா ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இதைச் சொல்லிக்கிட்டிருக்கேனே. நீங்க சொன்னதாச்சேன்னு செக் பண்ணவே இல்லை டீச்சர்."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். 'நீங்கள் சொன்னது ஆச்சே' என்ற நம்பிக்கையில்தான் எல்லாப் பொய்யும் பயணம் போகிறது. எனக்கு என் தம்பி சொன்னது ஆச்சே. அவனுக்கு நான் சொன்னது ஆச்சே. அவன் பிள்ளைகளுக்கு சார் சொன்னது ஆச்சே. சங்கிலியில் எல்லோரும் நல்லவர்கள்தான்.

"திங்கட்கிழமை கிளாஸ்ல சொல்லிடறேன் டீச்சர். எங்க டீச்சரும் தப்புப் பண்ணாங்க, நானும் பண்ணேன்னு சொல்றேன், பரவாயில்லையா?" என்றான். தாராளமாகச் சொல் என்றேன். நான் பதினெட்டு வருடம் செய்யாததை அவன் மூன்று நாளில் செய்தான். குழுவிலும் அவனே திருத்தம் போட்டுவிட்டான்.

பொய் போன வழியிலேயே திருத்தமும் போக வேண்டும் என்று நினைக்கிறேன். என்னிடம் அதைக் கேட்டவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும். ஆகவே 2006 முதல் 2008 வரை என்னிடம் படித்த எல்லோருக்கும்: அந்த மெக்காலே உரை போலி. தவறு என்னுடையது. மன்னியுங்கள். யாருக்கெல்லாம் அதைச் சொன்னீர்களோ அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது பெஞ்சில் இருந்த பெண்ணே, நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அன்று நீ கேட்டது சரியான கேள்வி, அம்மா. வகுப்பில் வரலாறு படித்தவள் அன்று நீ ஒருத்திதான். உட்காரச் சொன்னது என் தவறு.